கடைசி வரியை வெட்டியவள்

"என் கடைசி வரி எங்கேங்க?"

நிமிர்ந்தாள். வாசலில் மழைநீர் சொட்டச் சொட்ட ஒருவன், கையில் இந்த வார இதழோடு நின்றிருந்தான். மூக்கு நுனியில் கோபம். கண்கள் மட்டும்... அடேயப்பா, இவ்வளவு சாதுவான கண்களை வைத்துக்கொண்டு இவன் யாரைப் பயமுறுத்தப் போகிறான்?

வாரப் பத்திரிகையில் பக்கம் அமைப்பது அவள் வேலை. இடம் போதாவிட்டால் கதைகளை வெட்டுவதும் அவள்தான். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'கத்தரி'.

"பேய்க்கதை உங்களோடதா? திடீர்னு விளம்பரம் வந்திடுச்சு. ஒரு வரி இடிச்சுது... எடுத்துட்டேன்."

"கதவைத் தட்டினது செத்துப்போன மனைவின்னு சொல்ற வரிங்க அது. அதுக்காகத்தானே நாலு பக்கம் எழுதினேன்?"

"நாலு பக்கமும் படியில காலடிச் சத்தம்... கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. எனக்கே கை சில்லிட்டுப் போச்சு. அப்புறம் 'அது வேற யாருமில்ல, வீட்டம்மாதான்'னு சொன்னா பயம் எங்க இருக்கும்? தட்டுறதோட நிறுத்திடணும் சார். மிச்சத்தைப் படிக்கிறவங்க பார்த்துப்பாங்க."

"எனக்கே கதை எழுதச் சொல்லித் தர்றீங்களா?"

"விளம்பரம் வராட்டியும் வெட்டியிருப்பேன்."

அந்த ஒரு வாக்கியம் அதிகம்தான். அவன் முகம் சுண்டிப்போய்ப் படியிறங்கிவிட்டான்.

அடுத்த வாரம் கடிதங்கள் வந்து குவிந்தன. 'தட்டியது யார்? வாசல் பக்கம் போகவே பயமாக இருக்கிறது' என்று ஒருவர் புலம்பியிருந்தார். ஜெயித்தது அவள்தான். ஆனால் வாசலில் நிழல் ஆடினால் போதும், பாழாய்ப்போன மனசு துள்ளியது... அவன் வரவில்லை. கதைகள் தபாலில் வந்தன. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலாவது வாரம், சாப்பிட்டுவிட்டு வந்தபோது மேஜையில் ஒரு உறை. அவன் கையெழுத்து.

கதையில் ஒருவன் மழையில் நனைந்தபடி ஒரு பத்திரிகை அலுவலகத்தின் படியேறுகிறான். முதல் மாடி... ஒரு படி ஏறி, ஒரு படி இறங்குகிறான். இரண்டாவது மாடி... திரும்பிவிடலாமா? மூன்றாவது மாடியில் ஒருத்தி, கையில் கத்தரியோடு. 'அவன் தட்டினான். அவள் திறந்ததும் அவன் சொன்னது...'

அவ்வளவுதான். தாளைத் திருப்பினாள், வெறுமை. உறையைக் கவிழ்த்து உதறினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது, உறையில் தபால் தலையே இல்லை.

அப்படியானால் கொண்டுவந்து வைத்தது...

படியில் ஈரச் செருப்புச் சத்தம். நெருங்கியது, நின்றது. தட்டும் ஓசை.

யாரென்று தெரிந்தும் அவள் உடனே எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் காத்திருக்கட்டுமே... பத்து வரை எண்ணிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"கடைசி வரி எங்கேங்க?"

"எழுதினா வெட்டிடுவீங்களோன்னு பயம்... அதான் நேர்லயே சொல்லிடலாம்னு." ஓர் அடி முன்னால் வந்தான். "அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி. அதை ஒத்துக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஆனா உங்களைப் பிடிச்சிருக்குன்னு அன்னிக்கு படியிறங்கறதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு."

அவள் ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்த்தாள்.

"ஏதாவது சொல்லுங்களேன். உயிர் போகுது."

"பார்த்தீங்களா... சொல்லாம விட்டா எவ்வளவு பயமா இருக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குரல் மெல்ல இறங்கியது.

"எனக்கும் பிடிச்சிருக்கு. இந்த வரியை வெட்ட மாட்டேன்."