தீவுக்கு நடந்துபோன எருமை

அபிகாயிலுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். தீவு என்பது தண்ணீரின் மேல் மிதக்கிறதா, இல்லை அடியில் எதோடாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

சித்தூரில் கடல் கிடையாது, போய்ப் பார்க்க முடியாது. யாரைக் கேட்டாலும், நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலம் என்று புத்தகத்தில் இருப்பதையே சொன்னார்கள். அடிப்பக்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அந்த வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்மாவதி டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு தீவைத் தாங்களே போட்டோ எடுத்து வரவேண்டும். குட்டையின் நடுவில் நிற்கும் கல்லானாலும் சரி, நெட்டிலிருந்து எடுக்கக் கூடாது. அந்தத் தீவு எப்படித் தங்களைப் போல இருக்கிறது என்று கீழே ஒரு வரி எழுத வேண்டும். திங்கட்கிழமை எல்லாவற்றையும் சுவரில் ஒட்டுவார்களாம்.

மற்றவர்கள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அபிகாயில் தன் வரியை எழுதியே விட்டாள்.

"நான்கு பக்கமும் தண்ணீர். என்னைப் போலவே இதற்கும் பக்கத்தில் யாரும் இல்லை."

அப்படி எழுதக் காரணம் இருந்தது. வீட்டில் அவள் பேசுவது தமிழ், பள்ளியில் தெலுங்கு. பக்கத்து பெஞ்சு பவன்குமார் அவளைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டான். 'அரவம்' என்பான். தெலுங்கில் தமிழை அப்படித்தான் சொல்வார்கள். சரி போகட்டும் என்று லீவுக்கு வேலூர் சித்தி வீட்டுக்குப் போனால், அங்கே தெருப்பிள்ளைகள் 'தெலுங்குப் பொண்ணு வந்துடுச்சு' என்பார்கள். சிரித்துச் சமாளிப்பாள். ஆனால் அவளுக்கு அது வலித்தது.

சனிக்கிழமை மாலை, அவளுடைய நைனா ஆசிர் அவளை ஸ்கூட்டரில் காணிப்பாக்கம் சாலையோரத்து ஏரிக்கு அழைத்துப் போனார். போன மாதம் பஸ்ஸிலிருந்து பார்த்தபோது ஏரி நடுவே ஒரு மண்மேடும், அதில் மூன்று கருவேல மரங்களும் இருந்தன. சுற்றிலும் தண்ணீர். அசல் தீவு.

இப்போது போய்ப் பார்த்தால் அவள் முகம் தொங்கிப்போனது. இரண்டு வாரமாக மழை இல்லை. தண்ணீர் வடிந்து, கரையிலிருந்து மேட்டுக்கு ஒரு சேற்றுப் பாதை தெரிந்தது. போதாக்குறைக்கு, ஓர் எருமை தன் கன்றுக்குட்டியோடு தீவில் நின்று சாவகாசமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. தீவுக்கு நடந்தே போயிருக்கிறது.

இதைப் போட்டோ எடுத்துக் காட்டினால் வகுப்பே சிரிக்கும். ஆனாலும் அபிகாயிலால் அந்தப் பாதையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அப்படியானால் தீவு மிதக்கவில்லை. அடியில் கரையோடு ஒட்டித்தான் இருந்திருக்கிறது. தண்ணீர் மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

நைனா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கரையில் ஓர் அக்கா, தொண்டை கட்டும் அளவுக்கு எருமையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அபிகாயில் போய் விசாரித்தாள்.

அக்காவின் பெயர் தாட்சாயணி. திருத்தணியிலிருந்து கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. எருமை, பலமநேர் பக்கம் போய் வாங்கி வந்தது. தெலுங்கைத் தவிர வேறெதற்கும் காது கொடுக்காது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் ஓடி வரும். அவரோ இன்றைக்கு ஊரில் இல்லை.

"நானும் தெலுங்குலதான் கூப்டுக்கினு இருக்கேன் பாப்பா. என் தெலுங்கைக் கேட்டு அது வாலை ஆட்டுது, வரமாட்டேங்குது" என்றாள்.

சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க நேரமில்லை. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. அங்கே பெய்த மழை கால்வாய் வழியாக ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதையின் ஓரம் ஏற்கெனவே நனைய ஆரம்பித்துவிட்டது. எருமை எப்படியும் நீந்தி வந்துவிடும். பிறந்து ஒரு மாதமே ஆன கன்றுக்குட்டி என்ன செய்யும்? போய்ப் பிடித்து வரலாம் என்று தாட்சாயணி இறங்கினாள். முழங்கால் வரை சேறு இழுத்ததும் பயந்து கரையேறிவிட்டாள்.

அபிகாயில் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு, பவன்குமாரின் ராகத்திலேயே தெலுங்கில் கூப்பிட்டாள். "ரா தல்லி, ரா. இண்டிகி போதாம், ரா."

வீட்டுக்குப் போகலாம் வா தாயே என்றதும் எருமையின் காது விடைத்தது. பாதையில் நான்கு எட்டு வைத்தது. பிறகு நின்று திரும்பிப் பார்த்தது. கன்றுக்குட்டி மரத்தடியை விட்டு அசையவில்லை. எருமை திரும்பிப் போய்விட்டது. இரண்டாம் முறையும் இதே கதைதான்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அபிகாயில் யோசித்தாள்.

"அக்கா, கன்னுக்குட்டியை யாரு பாத்துக்கிறது?"

"நான்தான். பொறந்ததுலேர்ந்து எங்கிட்டதான் கெடக்குது."

"அதுகிட்ட என்ன பாஷை பேசுவீங்க?"

தாட்சாயணி விழித்தாள். "நம்ம பாஷைதான்."

"அப்போ அதுக்குத் தெலுங்கு தெரியாதுக்கா. நீங்க அதைத் தமிழ்ல கூப்பிடுங்க, நான் அதோட அம்மாவைத் தெலுங்குல கூப்பிடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா."

"வா கண்ணு, வா" என்று ஒரு குரலும், "ரா தல்லி, ரா" என்று ஒரு குரலும் ஏரிமேல் சேர்ந்து போயின. எருமை இறங்கியது. அதன் வாலைப் பிடிக்காத குறையாகக் கன்றுக்குட்டியும் துள்ளி இறங்கியது. பாதை நடுவே இரண்டும் வந்தபோது அபிகாயில் நைனாவிடம் ஓடி, அவர் பேசிக்கொண்டிருந்த போனையே வாங்கிப் படம் எடுத்தாள். அவை கரையேறிய கொஞ்ச நேரத்தில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. தாட்சாயணி கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

திங்கட்கிழமை, சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்த பவன்குமார், இது தீவே இல்லை, நடுவில் வழி இருக்கிறதே என்று தெலுங்கில் வாதாடினான். டீச்சர் குனிந்து கீழே இருந்த வரியைப் படித்தார். பழைய வரியை அபிகாயில் அடித்திருந்தாள். புதியதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தாள்.

"தண்ணீர் ஏறினால் தீவு. அடியில் எப்போதும் ஒட்டித்தான் இருக்கிறது."

பவன்குமாருக்கு வரி பிடிபடவில்லை, எருமை பிடித்துப்போனது. முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, அப்படியானால் நீ அரவமா, தெலுங்கா என்று மடக்கினான்.

"எனக்கு ஒரு பாஷை மட்டும் தெரிஞ்சிருந்தா அதுங்க அங்கேயே நின்னிருக்கும்" என்று அவள் தெலுங்கில் சொன்னாள்.

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, கன்றுக்குட்டியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மெதுவாகக் கேட்டான். அபிகாயில் சொல்லிக் கொடுத்தாள். காலை முழுக்க அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. பவன்குமார் டிபன் பாக்ஸோடு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, அவளைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"வா கண்ணு, வா."

அபிகாயில் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.