விளக்குக்காரி நகரக் கூடாது

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலின் தலைமாட்டில் கீச்சு. கால்மாட்டில் தொப்பி. தரையில், சுவரில் முதுகைச் சாய்த்தபடி, இரட்டையர்களான முன்னவனும் பின்னவனும். ஐந்தாவது ஆள் அறையில் இல்லை. அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

கோபம் வந்தால் குரல் கீச்சிடும். அதனால் அவள் கீச்சு. தொப்பி குளிக்கும்போது மட்டும்தான் தொப்பியைக் கழற்றுவாள். முன்னவன் பின்னவனைவிடச் சில நிமிடம் மூத்தவன். அதைப் பின்னவன் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வான்.

நால்வர் கையிலும் செல்போன். திரையில் ‘கரும்பனிக் கோட்டை’. தடித்தடியான மாயக் கதைப் புத்தகங்களை வைத்துச் செய்த இணைய விளையாட்டு அது. அணிக்கு ஐந்து பேர். இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை, நடுவில் ஒரு பாலம். எதிரியின் கோட்டையை முதலில் இடித்தால் வெற்றி.

புத்தகத்தை நால்வரும் படித்ததில்லை. “அதான் விளையாட்டு இருக்கே, புத்தகம் எதுக்கு?” என்பது பின்னவனின் கட்சி.

ஆனால் விளையாட்டும் இன்னும் கொஞ்ச நாள்தான். ஆள் சேரவில்லை என்று கம்பெனி அதை நிறுத்தப் போகிறது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய போட்டி. அதோடு சரி.

ஐந்தாவது ஆள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘மூக்குக்கண்ணாடி’. ஞாயிறு மதியம் மட்டும் வருவார். விளையாட்டில் இருக்கும் பாத்திரங்களில் எப்போதும் விளக்குக்காரியாகத்தான் வருவார். வந்ததும் பாலத்தின் நடுவே போய் நிற்பார். நின்றால் நின்றதுதான்.

“பாரு, மறுபடியும் நிக்குது!” என்றாள் கீச்சு. “அடிக்கவும் இல்ல, ஓடவும் இல்ல.”

“உட்கார்ந்த இடத்துலயே தூங்கிடுச்சோ என்னவோ,” என்றான் பின்னவன்.

கீச்சு விறுவிறுவென்று திரையில் எழுதினாள்: “மூக்குக்கண்ணாடி, நீ என்ன தெருவிளக்குக் கம்பமா?”

பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் வந்தது.

“சிரிப்பு வேற!”

அந்த ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனாலும் கீச்சுவின் கோபம் அடங்கவில்லை.

“நாம நாலு பேரும் உயிரைக் குடுத்து ஜெயிக்கிறோம். இது சும்மா நின்னுட்டுப் பங்குக்கு வருது. புகார் பண்ணிடலாம். எல்லாரும் அமுக்குங்க.”

ஒருவர் புகார் செய்தால் எதுவும் ஆகாது. அணியில் மற்ற நான்கு பேரும் செய்தால் கணக்கு தானாகவே முடங்கிவிடும்.

“பாவம்டி. புதுசா கத்துக்கற ஆளா இருந்தா?” என்றாள் தொப்பி.

“அப்ப கடைசிப் போட்டியில தோத்துப் போலாமா?” குரல் கீச்சிட்டது.

நான்கு விரல்கள் ‘வேண்டுமென்றே விளையாடாமல் நின்றார்’ என்ற இடத்தை அமுக்கின. விளக்குக்காரி பாலத்திலிருந்து மறைந்து போனாள்.

அடுத்த ஞாயிறு வேறு யாரோ ஐந்தாவதாக வந்தார். நன்றாக ஓடினார், நன்றாக அடித்தார். ஆனால் பாலத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கரும்பனிக்குள்ளிருந்து எதிரிகள் திடீர் திடீரென்று குதித்தார்கள். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி.

“பனியைக் கூட்டிட்டாங்க போல,” என்றான் முன்னவன்.

“உன் போன் திரையைத் துடைச்சுப் பாரு முதல்ல,” என்றான் பின்னவன்.

அந்த நேரம் பார்த்துக் கீச்சுவை அவள் அம்மா கூப்பிட்டார். “அப்பா சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டார். கடையில குடுத்துட்டு வா, ஓடு!”

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. ஞாயிறு அன்று கடை மூடியிருக்கும். ஆனாலும் மிச்ச வேலையை முடிக்கிறேன் என்று சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கீச்சு பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தாள்.

அப்பா திடுக்கிட்டு எழுந்தார். கையிலிருந்த துணியைக் கம்ப்யூட்டர் திரைமேல் போட்டார். அது வில்லை துடைக்கிற துணி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மீதித் திரை முழுவதும் தெரிந்தது.

‘மூக்குக்கண்ணாடி, உங்கள் கணக்கு முடக்கப்பட்டது. காரணம்: வேண்டுமென்றே விளையாடாமல் நின்றார்.’

சாப்பாட்டுப் பை கீச்சுவின் கையிலேயே தொங்கியது.

“அப்பா… இது நீங்களா?”

“ஆமா கண்ணு.” அப்பா கழுத்தைச் சொறிந்தார். “‘போதும், போனை வை’ன்னு உன்னைத் திட்டிட்டு நானே இங்க விளையாடறேன்னா நல்லாவா இருக்கும்? அதான் சொல்லல. சின்ன வயசுல இந்தப் புத்தகம்னா எனக்கு உயிர். நீயும் விளையாடறேன்னு தெரிஞ்சதும், உன் அணியில ஒரு ஓரமா நிப்போமேன்னு வந்தேன்.”

“நின்னுக்கிட்டே இருந்தீங்களே, ஏம்ப்பா?”

“விளக்குக்காரி நகரக் கூடாதும்மா. அவ அசையாம நின்னாதான் விளக்கு எரியும், பாலத்துல பனி விலகும். அந்த வெளிச்சத்துல மத்த நாலு பேரும் சண்டை போடுவாங்க. ஒரு அடி எடுத்து வெச்சாலும் அணைஞ்சிடும். கதையில அப்படி. விளையாட்டுலயும் அப்படியே வெச்சிருக்காங்க.”

கீச்சு திரையில் இருந்த ‘காரணம்’ வரியை மறுபடி படித்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. “உனக்குத்தான் தெரியுமே! ‘தெருவிளக்குக் கம்பமா’ன்னு கேட்டியே! அட, என் பொண்ணு சரியாக் கண்டுபிடிச்சுட்டாளேன்னு அன்னைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? யாரோ தெரியாம புகார் பண்ணிட்டாங்க போல. விடு.”

கண்ணாடிக் கடையில் சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. கீச்சு இடப்பக்கம் திரும்பினாள், அவள் முகம். வலப்பக்கம் திரும்பினாள், அங்கும் அவள் முகம். எல்லா முகமும் காதுவரை சிவந்திருந்தது. பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

நண்பர்கள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கீச்சு எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப நாம ஜெயிச்சதெல்லாம்…” என்று இழுத்தான் பின்னவன்.

“அப்பா நின்னதால.”

தொப்பி விளையாட்டின் விதிகளைத் தேடிப் படித்தாள். இணையத்தில் உதவிப் பக்கத்தை மூடிவிட்டார்கள். முறையீடு இருந்தால் தபாலில்தான் அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: பொய்ப் புகார் செய்தவர்களின் கணக்கும் முடக்கப்படலாம்.

“அப்ப கடைசிப் போட்டி நமக்கும் இல்லையா?” முன்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “உங்கப்பாவுக்கு நாமன்னு தெரியவே தெரியாதே. பேசாம இருந்துடேன்.”

“நான் கேலி பண்ணினதைப் பாராட்டுன்னு நினைச்சுட்டு இருக்கார்டா,” என்றாள் கீச்சு. அவள் குரல் கீச்சிடவில்லை. அதுதான் மற்றவர்களைப் பயமுறுத்தியது.

கோடு போட்ட தாளை எடுத்து அவள் எழுதினாள்.

‘ஐயா / அம்மா, மூக்குக்கண்ணாடி என்பவர் விளையாடாமல் நிற்கவில்லை. விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களுக்குத்தான் தெரியவில்லை. புகார் செய்யச் சொன்னது நான். என் கணக்கை மூடிக்கொள்ளுங்கள். அவர் கணக்கைத் திறந்துவிடுங்கள். கடைசிப் போட்டியில் அவர் விளையாட வேண்டும்.’

அடியில் தன் பெயரை எழுதினாள்.

தொப்பி பேனாவைப் பிடுங்கினாள். “நானும்தானே அமுக்கினேன். தள்ளு.”

அடுத்து பின்னவன் எழுதினான். “முதல் தடவையா உனக்கு முன்னாடி நான்!” என்று அண்ணனைப் பார்த்தான். முன்னவன் அவசரமாகத் தாளை இழுத்துத் தன் பெயரையும் எழுதினான்.

உறை வந்தது, பசை வந்தது. “ஒட்டு,” என்றான் முன்னவன்.

கீச்சு பசையை எடுத்தாள். அப்படியே கீழே வைத்தாள். “முதல்ல அப்பா படிக்கணும்.”

இப்போது நால்வரும் ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார்கள். கீச்சு கடிதத்தை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் முகம் தெரியும் என்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா படித்தார். கடைசி வரிவரை போய் மறுபடி மேலே வந்தார்.

“அப்ப அந்தத் தெருவிளக்குக் கம்பம்?”

“கேலிதாம்ப்பா. தப்பு பண்ணிட்டேன்.”

அப்பா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் வெகுநேரம் துடைத்தார்.

“வலிக்கத்தான் செய்யுது,” என்றார் அப்பா. பிறகு உதட்டோரம் துடித்தது. “ஆனா கேலி நல்லாத்தான் இருக்கு. தெருவிளக்குக் கம்பம்!”

அவர் பேனாவை எடுத்துக் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தார். கீச்சு எட்டிப் பார்த்தாள்.

‘இந்த நால்வரின் கணக்கையும் மூட வேண்டாம். இவர்கள் இல்லையென்றால் விளக்குக்காரி யாருக்கு வெளிச்சம் காட்டுவாள்?’

“இப்ப ஒட்டு,” என்றார்.

கீச்சு ஓரம் பிரியாதபடி அழுத்தி ஒட்டினாள். ஐந்து பேரும் தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார்கள். அவள் உறையைப் பெட்டியின் வாய்க்குள் விட்டாள். அது உள்ளே போய் விழும் சத்தம் கேட்கும்வரை ஒருவரும் அசையவில்லை.