மாமியின் இடது காது

"உம்மா, அவர் ரெண்டு தரம் கூப்பிட்டாரு. வாயத் துறந்து ஒரு பதில் சொன்னா என்ன குறைஞ்சா போகும்?"

மேசையில் தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. ஹிஷாம் குடிக்காமலே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி அஸ்னா அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து உம்மாவிடம் பொரிந்து தள்ளினாள்.

றஹீமாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, குசினிப் பக்கத்து அறையில் ஒதுங்கிக் கிடப்பவள் அவள். மருமகன் முன்னால் வருவது மரியாதையில்லை என்று, கல்யாணமான நாளிலிருந்து திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவனோடு கதைப்பாள். அந்த மரியாதையே இப்போது வினையாகிவிட்டது.

"எனக்குக் கேக்கல்ல மகள். முந்தாநாள் எழும்பினதுல இருந்து இடது காது அடைச்சிக் கிடக்கு, இரையுது எண்டு சொன்னன்தானே... நீதான் காது ஊத்தை எண்டு உள்ளிப்பூடு காய்ச்சின எண்ணெய் ஊத்தின."

"அதுக்காக ஒண்டுமே கேக்காமப் போகுமா? அவர் அவர்ர உம்மா வீட்ட போகப்போறாராம். என்ட வாழ்க்கையக் கெடுக்காம விடமாட்டீங்க!"

றஹீமாவின் கண் நிறைந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை முஸ்பிறாவின் போன் வந்தது. வழக்கம்போல இடது காதில் வைத்தாள்.

"ஹலோ... ஆரு? கதைங்களன்..."

முஸ்பிறாவின் குரல் அஸ்னா நின்ற இடம்வரை கேட்டது. றஹீமாவுக்குக் கேட்கவில்லை. வலது காதுக்கு மாற்றிய பிறகுதான், "ஓ, நீயா?" என்றாள்.

அஸ்னாவின் முகம் வெளுத்தது. உடனே ஹிஷாமுக்குப் போன் எடுத்தாள். கோபித்துக்கொண்டு போனவன் ஓட்டோ ஒன்றோடு திரும்பி வந்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு காதுக்கும் எவ்வளவு கேட்கிறது என்றும் சோதித்தார்.

"ஊத்தை ஒண்டும் இல்ல. உள்காதுலதான் பிரச்சின. திடீரெண்டு ஒரு காது கேக்காமப் போனா அண்டைக்கே வரணும். எண்ணெய் ஊத்திப் பாத்துக்கிட்டு இருக்கப்படாது. நாள் போகப் போக மருந்து புடிக்கிறது குறையும். இப்பவே மாத்திரை தொடங்குவம். முழுசாத் திரும்பும் எண்டு மட்டும் வாக்குத் தர ஏலாது."

அஸ்னா உம்மாவின் தோளில் விழுந்து அழுதாள். "மாப்புத் தாங்க உம்மா..."

"இப்ப அழுது என்ன? நான் சொல்றத இந்த வீட்டுல ஆரு கணக்கெடுக்கிற?" என்றாள் றஹீமா. ஆனாலும் மகளின் முதுகைத் தடவிய கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஹிஷாம் தேத்தண்ணிக் கோப்பையோடு திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்து, அவளுடைய வலப்பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். றஹீமா பதறிப்போய் முந்தானையால் தலையை மூடினாள்.

"மாமி, உங்களப் பெருமைக்காரி எண்டு நினைச்சிட்டன். இனி இந்தத் திரைச்சீலை வேணா. என்ட முகத்தப் பாத்துக் கதைங்க."

இடது காது இன்னும் இரைந்துகொண்டுதான் இருந்தது. அவள் முந்தானையைக் கொஞ்சம் விலக்கி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தேத்தண்ணி ஆறப்போகுது மகன். இண்டைக்காவது குடிங்க" என்றாள்.

ஹிஷாம் அங்கேயே இருந்து குடித்து முடித்தான்.