மௌனம் வேண்டாமுங்க சார்

பெரிய சார் சொல்லி முடிப்பதற்குள் பொற்கொடி எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், அது வேண்டாமுங்க."

ஏழாம் வகுப்பு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் பாலகோபாலைத்தான் மேட்டுப்பாளையத்து அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'பெரிய சார்' என்பார்கள். அவர் பேசும்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள்.

"எது வேண்டாம்?"

"வெள்ளிக்கிழமை ரெண்டு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு சொன்னீங்களே, அதுங்க. பிரான்சிஸ் சாருக்கு மௌனம் புடிக்காதுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரிய சார் சிரிக்கவில்லை.

"இறந்தவங்களுக்கு அப்படித்தான் மரியாதை செய்யணும் அம்மணி. உட்காரு."

"அதுக்குப் பதிலா நாங்க பாடறோமுங்களே?"

"யாரு ஆர்மோனியம் வாசிப்பாங்க? இரங்கல் கூட்டத்துக்கு வெளியூர்ல இருந்தெல்லாம் பெரியவங்க வர்றாங்க. சுருதி தப்பிப் பாடி மானத்த வாங்கவா? அப்புறம் இன்னொண்ணு. பாட்டு பீரியட் இனிமேல் கிடையாது. அடுத்த வாரத்துல இருந்து அது கணக்கு பீரியட்."

பெரிய சார் போய்விட்டார். பொற்கொடி மட்டும் உட்காரவே இல்லை. அடுத்த பாடத்துக்கு வந்த டீச்சர்தான் தோளைத் தொட்டு அவளை உட்கார வைத்தார்.

பிரான்சிஸ் சார் அந்தப் பள்ளியின் பாட்டு வாத்தியார். கோடை விடுமுறையில் திடீரென்று மாரடைப்பு வந்து இறந்துபோனார். அவருடைய பாட்டுக் குழுவில் சேருவதற்கு நல்ல குரல் தேவையில்லை. பாடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். அப்படித்தான் பொற்கொடியும் சேர்ந்தாள். அவளுடைய குரல் ஜலதோஷம் பிடித்த சேவல் மாதிரி இருக்கும். மேலே போகும்போது கரகரவென்று உடைந்துவிடும். அவள் பாடத் தொடங்கினால், அவர்கள் தெரு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும் என்று ஆஸிம் சொல்வான். ஆஸிம் அவளுடைய நண்பன். குழுவிலேயே நல்ல குரல் அவனுக்குத்தான்.

போன வருஷம், தொண்ணூற்று நான்கில், கோயமுத்தூரில் பள்ளிகளுக்கு இடையே ஒரு பாட்டுப் போட்டி நடந்தது. மேடை ஏறும் முன்பு குழு பாடிப் பார்த்ததை, போட்டி நடத்துகிறவர் ஒருவர் நின்று கேட்டார்.

"ரொம்ப நல்லாருக்கு சார். அந்தக் கடைசிப் பொண்ண மட்டும் சும்மா வாயசைக்கச் சொல்லிடுங்க. பரிசு உங்களுக்குத்தான்" என்றார்.

பிரான்சிஸ் சார் ஆர்மோனியத்தை மூடினார்.

"அவ பாடலீன்னா நாங்க யாரும் பாடலீங்க. வாரோமுங்க."

அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

"என்னாலதானுங்க சார் பரிசு போச்சு."

"பரிசு போனாப் போகட்டும். உன்ற குரல் எங்க போச்சு? வாய மூடச் சொன்னாங்கன்னு மூடிக்குவியா? பாடு, பஸ்ஸே அதிரணும்!"

பஸ் அதிர்ந்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்தார். காரமடையில் இறங்க வேண்டிய ஒருவர், பாட்டைக் கேட்டுக்கொண்டே மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்துவிட்டார். பிறகு காரமடைக்குத் திரும்பிப் போக வேறு பஸ் தேடினார்.

அந்த சாருக்கு இரண்டு நிமிட மௌனமா?

பொற்கொடியின் அம்மா பாவாத்தாள், காய்கறி மண்டியில் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் வேலை செய்பவள். சாயந்திரம் வந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"பெரிய சாரே வேண்டாம்னுட்டாரு. உட்டுப்போடு கண்ணு."

"உடமாட்டேனுங்கம்மா."

"செரி, சாரோட சம்சாரம் அங்க வருவாங்கல்ல? அவங்க மனசு நோகாதா?"

பொற்கொடி யோசித்தாள். அம்மா கேட்டது சரிதான். பெரிய சாரோடு சண்டை போடலாம். அந்த அம்மாவை அழவைக்கக் கூடாது.

மறுநாள் பள்ளி விட்டதும் ஆஸிமைக் கூட்டிக்கொண்டு பிரான்சிஸ் சார் வீட்டுக்குப் போனாள். சாரின் மனைவி இருவருக்கும் டீ கொடுத்தார். பொற்கொடி சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"நாங்க பாடினா உங்களுக்கு வருத்தமா இருக்குமுங்களா?"

அவர் டீத் தட்டைக் கீழே வைத்தார்.

"அவரு போனதுல இருந்து இந்த ஊட்டுக்கு வர்றவங்க எல்லாருமே குசுகுசுன்னுதான் பேசறாங்க கண்ணு. அடுப்படியில பாத்திரம் விழுந்தாக்கூட பயந்துக்கறாங்க. இத்தன வருஷம் சத்தத்துலயே இருந்துபோட்டேன். எனக்கு இந்த அமைதியத்தான் தாங்க முடியல."

தெருவுக்கு வந்ததும் ஆஸிம் மெதுவாகக் கேட்டான்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"பாடப் போறேன்."

"பெரிய சார் அடிப்பாரு."

"அடிக்கட்டும்."

"நான் வருவேனான்னு தெரியல பொற்கொடி. எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரு."

"நீ வந்தா ரெண்டாவது வரியில சேந்துக்க. வரலைன்னா நான் மட்டும் பாடறேன்."

வெள்ளிக்கிழமை வந்தது. மைதானத்தில் பள்ளிக்கூடமே வகுப்பு வகுப்பாக நின்றது. மேடையில் மாலை போட்ட பிரான்சிஸ் சார் படம். பக்கத்தில் அவர் மனைவி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மூன்று பெரியவர்கள் நீளமாகப் பேசினார்கள்.

"இப்போது இரண்டு நிமிட மௌன அஞ்சலி" என்றார் பெரிய சார்.

எல்லோரும் தலை குனிந்தார்கள். மலைப்பக்கம் இருந்து வந்த காற்று மட்டும் கொடிக்கயிற்றை அசைத்தது.

பொற்கொடி நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பிரான்சிஸ் சாரே எழுதி மெட்டமைத்த பாட்டைத் தொடங்கினாள்.

"மலையே மலையே வழிவிடு..."

குரல் முதல் வரியிலேயே உடைந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பெரிய சார் கண்ணைத் திறந்தார்.

"பொற்கொடி! நிறுத்து!"

அவள் நிறுத்தவில்லை. உடைந்த குரலை அப்படியே உயரத் தூக்கினாள்.

"எங்கள் குரலும் ஏறி வரட்டும்..."

பையன்கள் வரிசையில் இருந்து இன்னொரு குரல் வந்து அவள் குரலைப் பிடித்துக்கொண்டது. ஆஸிம்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பாடினான். பிறகு எட்டாம் வகுப்பில் இரண்டு பேர். அப்புறம் ஆறாம் வகுப்பில் நான்கு பேர். பாட்டுக் குழுப் பிள்ளைகள் நின்ற இடத்தில் இருந்தே பாடினார்கள். மைதானத்தின் மூலை மூலையில் இருந்தும் பாட்டு கிளம்பியது. ஆர்மோனியம் இல்லை. சுருதியும் அங்கங்கே தப்பியது. யாரும் குரலைக் குறைக்கவில்லை.

சாரின் மனைவி தலை நிமிர்ந்தார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆனால், அவர் கை நாற்காலியில் தாளம் போட்டது.

பெரிய சார் அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் 'நிறுத்து' என்று சொல்லவில்லை.

ஆனாலும் கூட்டம் முடிந்ததும் பொற்கொடியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உனக்கு யாரு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது?"

"பிரான்சிஸ் சாருங்க."

பெரிய சார் கதவைக் காட்டினார். "சொன்ன பேச்சு கேக்காததுக்குத் தண்டனை உண்டு. வெளிய போய் நில்லு" என்றார்.

பொற்கொடி வராந்தாவில் போய் நிமிர்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஆஸிம் வந்து பக்கத்தில் நின்றான். அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண்கள். அப்புறம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். வாயைப் பொத்திச் சிரித்த பையன்கூட வந்து வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டான்.

பெரிய சார் எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, ரேஷன் கடையா?"

"நாங்களும்தானுங்க பாடினோம்" என்றான் ஆஸிம்.

"நீ?" என்று கடைசிப் பையனைக் கேட்டார்.

"நான் பாடலீங்க சார். எனக்கும் பாடணுமுங்க."

பெரிய சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் மாட்டினார். அந்த வரிசையை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை பார்த்தார்.

"செரி. எல்லாருக்கும் ஒரே தண்டனை. பாட்டு ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்ணுங்க. ஒரு வாரத்துக்குத் தினமும் பாட்டு பீரியட்ல அங்க நின்னு பாடணும். கணக்கு அப்புறம் பாத்துக்கலாம். சத்தம் என்ற மேசை வரைக்கும் கேக்கணும். கேக்கலீன்னா அடுத்த தண்டனை. போங்க!"

பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடினார்கள். பொற்கொடி மட்டும் நகரவில்லை.

"இன்னும் என்ன அம்மணி?"

"ஒரு வாரம் பத்தாதுங்க சார்."