கண்ணில் படாத பட்டன்

போன் அடித்தது.

அரக்கோணம் ஸ்டேஷன் வாசலில் டீயை வாயருகே கொண்டுபோன சௌமியா, திரையைப் பார்த்ததும் பல்லைக் கடித்தாள். திருத்தணி லாட்ஜ். வேறு யார்? காலையிலிருந்தே லாட்ஜ் ஓனர் நாகேந்திரன் சர்டிபிகேட் எங்கே, சர்டிபிகேட் எங்கே என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

எடுத்தாள். ஆனால் இது வேறு குரல்!

"அக்கா, உதயா பேசறேன். உங்க சடகோபன் அண்ணன் மாடிப்படியில வுழுந்துட்டாரு. மண்டையில அடி. ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போறோம். வாங்கக்கா."

டீ அப்படியே கடை மேடையில் நின்றது. அவள் திருத்தணி ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

சடகோபன்... அவளுடைய கம்பெனியில் பாதி. மீதிப் பாதி அவள். மொத்தமே இரண்டு பேர்தான். திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகைக்காரன். பிறவியிலேயே பார்வை கிடையாது. ஒரு வெப்சைட்டையோ ஆப்பையோ அவனிடம் கொடுத்தால், திரையில் இருப்பதை எல்லாம் அவன் போன் வாசிக்கும். காதால் கேட்டே எங்கெங்கே கோளாறு என்று புட்டுப் புட்டு வைப்பான். ஆப் வைத்து வியாபாரம் செய்தால் அது பார்வை இல்லாதவருக்கும் பயன்பட வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கடைகளையும் கம்பெனிகளையும் தயார் செய்து சர்டிபிகேட் கொடுப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு.

பிழைப்பா அது? கரடியாய்க் கத்தினாலும் ஒருத்தர் காதிலும் ஏறாது! கண்ணு தெரியாதவன் எங்க லாட்ஜுக்கு எதுக்கு வரப்போறான் என்று சிரித்தவர்தான் நாகேந்திரன். சர்டிபிகேட் இல்லாத லாட்ஜை ஆடிக் கிருத்திகை புக்கிங்கில் சேர்க்க மாட்டோம் என்று சென்னை புக்கிங் கம்பெனி ஒன்று கைவிரித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அவர் ஆப்பைச் சோதிக்கத்தான் சடகோபன் லாட்ஜுக்குப் போயிருந்தான்.

ரயிலில் சடகோபன் நம்பரை அழுத்தினாள்.

'ஸ்விட்ச் ஆஃப்' என்றது.

அவள் திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்கக் கட்டு. நினைவில்லை. திருவள்ளூருக்கு அனுப்புகிறோம், பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். நர்ஸ் அவள் உள்ளங்கையில் எதையோ வைத்தாள். அவன் காதில் இருந்த ஒற்றை ப்ளூடூத் இயர்போன்.

கூட ஏறிய அவன் அண்ணன் வெங்கடேசன், கதவை மூடும் முன் அவளைப் பார்த்தார்.

"நீ இங்கயே இரும்மா. எப்படி வுழுந்தான்னு பாரு. என் தம்பி தடுக்கி வுழற ஆளு இல்ல."

ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. சௌமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

லாட்ஜ் ரிசப்ஷனில் இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தார். விபத்து என்று!

"கண்ணு தெரியாதவரும்மா. படி தவறி வுழுந்துட்டாரு. இதுல விசாரிக்க இன்னா இருக்குது?"

சௌமியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், மாசா மாசம் கிருத்திகைக்கு மலைப்படி தனியா ஏறி எறங்கறவன் அவன். இந்த லாட்ஜ் படியிலயா வுழுவான்?"

"கண்ணு இருக்கற நானே போன வாரம் எங்க வூட்டுப் படியில வழுக்கி வுழுந்தேம்மா."

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

விடுவிடுவென்று மாடி ஏறினாள். சடகோபன் உட்கார்ந்து வேலை பார்த்த அறை திறந்தே கிடந்தது. மேஜைமேல் அவன் பை. பக்கத்தில்... அவனுடைய வெள்ளைக் குச்சி. மடித்து வைத்தது வைத்தபடி!

அதைக் கொண்டுவந்து இன்ஸ்பெக்டர் முன்னால் போட்டாள். இது இல்லாமல் அவன் ரூம் வாசலைத் தாண்ட மாட்டான் என்றாள். மறந்திருப்பாரு என்றார் அவர். மறப்பதாம்! இவர் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவாரா?

போதாக்குறைக்கு நாகேந்திரன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். வேஷ்டியும் சந்தனப் பொட்டுமாக, வேர்த்து வழியும் முகம்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. சாயங்காலத்துக்குள்ள சர்டிபிகேட் போவணும். ஒரு கையெழுத்து போட்டுடு."

அவ்வளவுதான். அவளுக்குள் இருந்தது எல்லாம் வெடித்தது.

"நேத்து போன்ல இன்னா சொன்னீங்க? சர்டிபிகேட் இல்லன்னா உங்க ஆளு திருத்தணிய வுட்டு வெளிய போவ மாட்டான்னு சொன்னீங்களா, இல்லையா?"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தை சார், என் பெண் மேல சத்தியம் என்று நாகேந்திரன் உளறினார். சௌமியா நம்பவில்லை. நம்புவது போலவா இருந்தது அந்த முழி?

"பாவா, நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

டீத் தட்டோடு வந்தான் உதயா. நாகேந்திரனின் மச்சான். மனைவிக்குத் தம்பி; அக்கா புருஷனைத்தான் பாவா என்றான். லாட்ஜுக்கு ஆப் செய்து கொடுத்தவனும் அவன்தான். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று பிஸ்கட்டை நகர்த்தினான். இந்தக் கட்டிடத்தில் மனுஷத்தன்மை உள்ள ஒரே பிறவி என்று அவளுக்குத் தோன்றியது.

சடகோபன் போன் எங்கே என்று அவனிடமே கேட்டாள்.

உதயா சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"படிக்கட்டுல கெடந்துதுக்கா. பத்திரமா எடுத்து வெச்சேன். நம்பருக்குப் போட்டுப் பாத்தேன், ஸ்விட்ச் ஆஃப்னு வந்துது. பட்டனை அமுக்கிப் பாத்தேன், மூச்சே இல்ல. சார்ஜ் செத்துடுச்சு போல."

கண்ணு தெரியாத ஆளுக்கு எதுக்குய்யா டச் போன் என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

சௌமியா சிரிக்கவில்லை. கையிலிருந்த போனையே பார்த்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது திரை.

சார்ஜ் செத்துவிட்டதா?

அவளுடைய போன் மத்தியானமே மண்டையைப் போடும். சடகோபன் போன் இரண்டு நாள் தாங்கும். அதைச் சொல்லியே அவளைக் கலாய்ப்பான். எனக்கு எதுக்கு வெளக்கு, நான் திரையை அணைச்சு வெச்சுதான் எப்பவும் வேலை பாக்கறேன் என்பான்.

திரை கறுப்பாக இருந்தால் போன் செத்துவிட்டது... கண் இருப்பவர்களுக்கு!

அப்புறம் அந்த ஸ்விட்ச் ஆஃப்? அட, அதுவும் தெரிந்ததுதானே! ஆப்பைச் சோதிக்கும்போது கால் வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, வைஃபையும் ப்ளூடூத்தும் மட்டும் ஆன் செய்து வேலை பார்ப்பான். யார் கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப் என்றுதான் வரும்.

அழப் போகிறவள் போல ஜன்னல் பக்கம் திரும்பினாள். நர்ஸ் கொடுத்த இயர்போனைக் காதில் செருகினாள். போனின் பட்டனை அழுத்தினாள்.

காதுக்குள் பேசியது போன்! கடகடவென்று, வேறு யார் கேட்டாலும் ஏதோ மிஷின் இரைச்சல் என்று நினைக்கும் வேகத்தில். அவளுக்குப் பழகிய வேகம்.

'பதிவு... நடந்துகொண்டிருக்கிறது.'

அவள் இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

வேலை பார்க்கும்போது மனதில் பட்டதை வாயால் சொல்லிப் பதிவு செய்வது சடகோபன் பழக்கம். காலையில் ஆரம்பித்த பதிவு... இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! உதயா பட்டனை அமுக்கியபோதும் இந்த போன் பேசித்தான் இருக்கும். கீழே ரத்தத்தில் கிடந்தவனின் காதுக்குள்!

கம்பெனி போன். அவள் விரல் ரேகையும் அதில் உண்டு. திறந்தாள். பதிவை நிறுத்தினாள். தள்ளித் தள்ளிக் கேட்டாள்.

"ஆளு ஆஸ்பத்திரில கெடக்கறாரு, இது பாட்டு கேட்டுகினு நிக்குது பாருங்க சார்" என்றார் நாகேந்திரன், பின்னால்.

சௌமியா திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதினதை அடிச்சுடுங்க சார்."

இயர்போனைக் கழற்றினாள். சடகோபன் சொல்லிக்கொடுத்தபடி கறுப்புத் திரையை மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினாள். பளிச்சென்று எரிந்தது!

உதயா டீத் தட்டோடு வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

போனிலிருந்து சடகோபன் குரல் வந்தது. நிதானமாக, வழக்கமான அந்த நக்கலோடு.

"உதயா, இந்தப் பக்கத்துல கடேசியா ரெண்டு பட்டன் வருதே, இன்னா அது? அறை பதினொண்ணு நேரலைன்னு படிக்குது. அறை பதினாலு நேரலைன்னு படிக்குது."

"எங்கண்ணா? என் ஸ்க்ரீன்ல ஒண்ணுமே இல்லையே."

"ஸ்க்ரீன்ல இல்ல. கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சிருக்குது. என் போனு ஒளிச்சதையும் சேத்துதான் படிக்கும். ரூமுக்குள்ள கேமரா வெச்சிருக்கறியா நைனா?"

நாகேந்திரன் வாயைப் பிளந்தார்.

பதிவில் நாற்காலி நகரும் சத்தம் மட்டும். பிறகு உதயாவின் குரல்... தேனாக!

"அதெல்லாம் பாவா வேலைண்ணா. வாங்க, கீழ போய் அவரையே கேக்கலாம். குச்சி எதுக்கு? நான் கை புடிச்சிக்கறேன், வாங்க."

காலடிச் சத்தம். கதவு. காலடி.

அப்புறம்... ஒரு அலறல்! தடதடவென்று ஏதோ உருளும் சத்தம்!

நாகேந்திரன் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியாக, மிக அருகில், மூச்சு வாங்கும் உதயாவின் முணுமுணுப்பு.

"கண்ணு தெரியாதவன் வுழுந்தான்... யாரு கேக்கப் போறாங்க."

இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம் தலையைக் குனிந்துகொண்டார். அதே வார்த்தையைத்தானே அவரும் கொஞ்ச நேரம் முன்னால் சொன்னார்!

தட்டு விழுந்தது. கிளாஸ்கள் நொறுங்கின. உதயா வாசலைப் பார்த்துப் பாய்ந்தான். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் காலைக் குறுக்கே நீட்ட, குப்புற விழுந்தான். கண் நன்றாகத் தெரிந்தும்!

அறை பதினொன்றின் சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்தது கேமரா. பதினாலிலும் அப்படியே. உதயா தன் போனிலிருந்தே ரகசியமாகப் பார்க்க, திரையின் நிறத்திலேயே பட்டன் செய்து ஆப்பில் ஒளித்திருந்தான். பார்வை உள்ளவர்கள் ஆயிரம் பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

மூன்றாம் நாள் சடகோபன் கண் விழித்தான்.

திருவள்ளூர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து சௌமியா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பாதி அழுகை, பாதி திட்டு. குச்சியை வைத்துவிட்டு எவன் கையையோ பிடித்துக்கொண்டு போவாயா என்று அவன் கையில் ஒன்று வைத்தாள். வெங்கடேசன் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

அப்போது அவள் போன் அடித்தது.

நாகேந்திரன்!

மச்சான் ஜெயிலுக்குப் போய்விட்டானாம். இரண்டு ரூமுக்கும் போலீஸ் சீல் வைத்துவிட்டார்களாம். மற்ற ரூம்கள் எல்லாம் காலியாகத்தான் இருக்கின்றனவாம். அதனால்... அந்தச் சர்டிபிகேட் எப்போது வரும்?

சௌமியா போனைச் சுவரில் அடிக்கப் போனாள். வெங்கடேசன் பிடித்துக்கொண்டார்.

"இன்னா கேக்கறாரு?" என்றான் சடகோபன் ஈனஸ்வரத்தில்.

"சர்டிபிகேட்."

கட்டுக்குள்ளிருந்து அவன் உதடு மெல்லக் கோணியது.

"குறைங்கள்ல இன்னொண்ணும் சேத்து எழுதிக்கோ சௌமியா. அந்த ஆப்ல ரெண்டு பட்டன், கண்ணு தெரிஞ்சவங்களால பாக்கவே முடியல. பாவம், அவங்களும் மனுசங்கதானே... ஏதாச்சும் வசதி பண்ணிக் குடுக்கச் சொல்லு."