கெலேரா வீட்டு மின்சாரம்

லவேனியா படகிலிருந்து இறங்கியபோது கரையில் யாரும் சிரிக்கவில்லை. ஊருக்குள் வருபவர்கள் மரியாதைக்குக் கொடுக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை அவள் கொண்டுவந்திருந்தாள்; எபேலி அதை வாங்கி ஓரமாகப் போட்டார். அந்தத் தீவின் சோலார் மின்நிலையக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

கொஞ்ச நாளாகவே, பொழுது சாய்ந்ததும் பேட்டரிகள் தீர்ந்து ஊர் இருண்டுபோய்க்கொண்டிருந்தது. ஒருவரையொருவர் திருடன் என்று சொல்லி அடிதடிவரை போயிருந்தார்கள். எந்த வீடு எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதை தலைநகர் சுவாவில் உட்கார்ந்து திரையில் கண்காணிப்பதும், தேவைப்பட்டால் அங்கிருந்தே இணைப்பைத் துண்டிப்பதும் லவேனியாவின் வேலை. திரை காட்டியது ஒரே வீட்டைத்தான். கடலோரம் பூட்டிக் கிடக்கும் கெலேராவின் வீடு.

"அங்க ஈ காக்கா கூட இல்ல. உங்க மிஷின்தான் பொய் சொல்லுது," என்றார் எபேலி.

பார்த்தே தீரவேண்டும் என்று அவள் நின்றதால் முணுமுணுத்துக்கொண்டே உடன் வந்தார். வழியில் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கெலேராவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அவளுடைய ஆக்ஸிஜன் கருவி ஓயாமல் ஓடியதால், மீன் வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு மின்சாரம் போதவில்லை. குழு கூடி அவள் வீட்டு இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. சுவாவுக்குச் சொல்லாமல் கம்பத்தில் ஏறி வெட்டியவர் எபேலி. மறுநாள் விடியுமுன் கெலேரா செத்துப்போனாள்.

நல்ல வெயில். வெட்டிய கம்பி துருப்பிடித்துத் தொங்கியது. அதன் கீழே, மின்சாரமே வராத மீட்டரில் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஒரு கருவி உறுமியது.

கூடவே மூச்சுச் சத்தம். நீளமாக, சளி கரகரக்க, உள்ளே இழுக்கும் மூச்சு மட்டும்.

வெளியே விடும் மூச்சு வரவே இல்லை.

எபேலி கதவை எட்டி உதைத்தார். மருந்து வாடையும் சூடான ரப்பர் வாடையும் முகத்தில் அடித்தன. வெறும் அறை. ஈரமான ஒரு பாய். சத்தம் நின்றுவிட்டது.

"நீயா வெட்டுன?"

கேட்டது லவேனியா இல்லை. குரல் எபேலியின் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நான் மட்டும் இல்ல. ஊரே சேர்ந்துதான்."

லவேனியா மீட்டரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அடுத்த படகில் கிளம்பினாள். அன்றிரவு ஊரில் ஒரு விளக்கும் அணையவில்லை என்று சேதி வந்தது.

சுவா திரும்பிய காலையில் திரையைப் பார்த்தாள். கெலேராவின் வீடு அடங்கியிருந்தது. எபேலியின் வீடு மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

போன் செய்தாள். அவர் மனைவி வாசிதி எடுத்தாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாகவும், அவரால் படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சுக்குத் தவிப்பதாகவும் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"அவரு பக்கத்துல இன்னொருத்தரும் மூச்சு இழுக்கறாங்கம்மா. ஆளு கண்ணுக்குத் தெரியல. இங்க வர்ற கரண்ட நிறுத்திடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

லவேனியா இருந்த இடத்திலிருந்தே இணைப்பைத் துண்டித்தாள்.

"நின்னுடுச்சு," என்றாள் வாசிதி. கொஞ்சம் பொறுத்து, "இவருக்கும் நின்னுடுச்சு."

லவேனியா போனைக் கீழே வைக்கவில்லை. திரையில் எபேலியின் பக்கத்து வீடு மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு அதற்கடுத்த வீடு. பிறகு அந்தத் தெரு முழுவதும்.

துண்டிக்கும் பொத்தானை அவள் தொடவில்லை.