சுண்ணாம்புக் குறி

வெற்றிலையே போடாத பெத்தம்மாளின் மேலிருந்து சுண்ணாம்பு வாடை வந்தது.

எஸ்டேட் கேட்டைத் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் பாதித் தூரம் வந்தாயிற்று. பட்டப்பகல்தான், ஆனாலும் தூறல் மூட்டத்தில் மரத்தடியெல்லாம் இருண்டு கிடக்க, இலைகள் சொட்டும் சத்தமும், ரப்பர் பாலின் புளித்த நாற்றமும், எங்கோ சுள்ளி ஒடிவதும் கூடவே வந்தன. பக்கத்தில் மகள் ஜெயமணி. கல்யாணமாகி இரண்டே மாதம். அலோர் காஜா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சளில் நனைத்த புடவை கட்டியிருந்தாள். வழிப்பறிக்குப் பயந்து, மகள் கழுத்துத் தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வெறும் கயிற்றோடு கூட்டி வந்திருந்தாள் பெத்தம்மாள். தன் தாலியைக் கழற்றத்தான் மனசு வரவில்லை.

தோளைப் பார்த்தாள். ரவிக்கையில் அப்பியிருந்தது ஈரச் சுண்ணாம்பு.

ராஜம்மா! மலாயாவில் எமர்ஜென்சி வந்த நாளாக, காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று கேட்டில் பெண்களைத் தடவிப் பார்ப்பவள். சற்றுமுன் வெற்றிலையை மென்றபடி இவள் மார்பைத் தடவினாள், தாலியில் கை நின்றது, "போயிட்டு வாங்கக்கா லா" என்று தோளைத் தட்டினாள்.

போன மாதம் இதே பாதையில் செத்த ஜானகியின் பிணத்தைக் குளிப்பாட்டியவள் பெத்தம்மாள். அந்த ரவிக்கையிலும் இதே இடத்தில் இதே வெள்ளை. பயத்தில் ஜானகி தாலியைப் புதரில் எறிந்திருந்தாள். குறி விழுந்தவளிடம் தங்கம் இல்லை என்றால் வழிப்பறிக்காரர்கள் நம்புவார்களா? கழுத்தை அறுத்துவிட்டார்கள். காட்டுக்காரன் வேலை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. காட்டுக்காரனாம்!

"அடிப் பாதகத்தி! கூடவே உக்காந்து சோறு தின்னியேடி!"

உள்ளங்கையால் சுண்ணாம்பை வழித்து வழித்துத் துடைத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் கேக்காத. ஜாலானுக்கு, மெயின் ரோட்டுக்கு ஓடு, பஸ்ஸுக்கு ஆளுங்க நிப்பாங்க. உன் கழுத்துல ஒண்ணுமில்ல, உன்னைத் தொடமாட்டானுங்க. நான் அவ குடுமியப் பிடிச்சிட்டு வரேன்."

முதுகில் கை வைத்துத் தள்ளினாள். ஜெயமணி ஓடினாள்.

பெத்தம்மாள் கேட்டை நோக்கி நாலடி வைத்தாள். கை எரிந்தது. விரித்துப் பார்த்தாள்.

கையில் வெள்ளை இல்லை.

திரும்பினாள். தூரத்தில் மகளின் மஞ்சள் முதுகு. அதில் ஐந்து விரல். மஞ்சளில் பட்ட சுண்ணாம்பு, ரத்தச் சிவப்பாய்.

"ஜெயா!"

ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

ஒரு சீட்டி. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாதையில் இறங்கினான். பெத்தம்மாளைப் பார்த்தான். அவள் வெறும் தோளைப் பார்த்தான். பிறகு மகள் போன பக்கம் திரும்பி நடந்தான்.